உப்புத் தண்ணி காப்பாத்தின கிட்னி: ஒரு பிளாட்டின மருந்தின் கதையும் நம்ம கருஞ்சீரக எண்ணெயும்

1/
"கீமோ போட்டா கிட்னி போயிடுமாமே டாக்டர்? கருஞ்சீரக எண்ணெய் குடிச்சா போகாதாமே?" புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கிற குடும்பங்கள் காரிமங்கலத்திலும் சரி, சுத்துப்பட்டு கிராமங்களிலும் சரி, அடிக்கடி கேட்கிற கேள்வி இது. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கு. இரண்டாவது பாதியும் முழுப் பொய் இல்லை. எலிகளிடம் அது நிஜமாவே நடந்திருக்கு. எலிக்கும் நமக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு புரிய இந்த மருந்தோட வரலாறு தெரியணும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
கிட்னி விஷயத்துல அதிகம் பயப்பட வைக்கிற கீமோ மருந்து சிஸ்பிளாட்டின். பேரிலேயே பிளாட்டினம் இருக்கு. ஆமா, நகைக்கடையில் விக்கிற அதே உலோகம். வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய், நுரையீரல், சிறுநீர்ப்பை, விரைப்பை இப்படிப் பல புற்றுநோய்களுக்கு இது இன்னிக்கும் முதல் வரிசை மருந்து. விலையும் குறைவு. புகையிலை போடுறவங்க நிறைய இருக்கிற நம்ம மாவட்டத்துல, வாய்ப்புற்றுநோய்க்கு கரண்ட் வைக்கும்போது (கதிர்வீச்சைத்தான் நம்ம மக்கள் அப்படிச் சொல்வாங்க) கூடவே போடுற ஊசி பெரும்பாலும் இதுதான்.

3/
இதை மருந்தா யாரும் கண்டுபிடிக்கலை. 1840-களில் மிக்கேலே பெய்ரோனே என்கிற இத்தாலிய வேதியியலாளர் பிளாட்டினத்தையும் அம்மோனியாவையும் வச்சு ஒரு மஞ்சள் உப்பு தயாரிச்சார். "பெய்ரோனே உப்பு"ன்னு பேர் வச்சாங்க. 1893-ல் ஆல்பிரட் வெர்னர் அதோட அமைப்பை விளக்கினார். அவருக்கு 1913-ல் நோபல் பரிசும் கிடைச்சது. ஆனா அந்த உப்பு எதுக்கு உதவும்னு அப்போ யாருக்கும் தெரியாது. நூறு வருஷத்துக்கு மேல அது வேதியியல் புத்தகத்துக்குள்ளேயே இருந்துச்சு.

4/
1960-களின் தொடக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க்னு ஒரு இயற்பியலாளர். செல் இரண்டாப் பிரியும்போது உள்ளே தெரிகிற கோடுகள் அவருக்கு காந்தத்தைச் சுத்தி இரும்புத்தூள் நிக்கிற மாதிரி தெரிஞ்சது. அப்போ மின்புலம் செல் பிரிவதை பாதிக்குமோன்னு ஒரு சந்தேகம். ஈ.கோலை பாக்டீரியா வளர்கிற திரவத்துல பிளாட்டினத் தகடுகளை வச்சு கரண்ட் விட்டுப் பார்த்தார்.

5/
பாக்டீரியா சாகலை, ஆனா பிரியவும் இல்லை. வழக்கத்தைவிட 300 மடங்கு வரை நீளமா, நூல் மாதிரி வளர்ந்துக்கிட்டே போச்சு. மின்சாரத்தோட வேலைன்னுதான் முதல்ல நினைச்சாங்க. நீண்ட சோதனைக்குப் பிறகு உண்மை தெரிஞ்சது. கரையவே கரையாதுன்னு நம்பின பிளாட்டினத் தகட்டில இருந்து துளித்துளியா கரைஞ்சு, திரவத்திலிருந்த அம்மோனியம் குளோரைடோட சேர்ந்து, பெய்ரோனே உப்பா மாறியிருந்தது. செல் பிரிவை நிறுத்தினது அந்த உப்பு. 1965-ல் இது வெளியாச்சு.

6/
செல் பிரிவை நிறுத்துற பொருள்னா புற்றுநோயில் போட்டுப் பார்க்கலாமேன்னு யோசிச்சார் ரோசன்பெர்க். எலிகளுக்குப் போட்டாங்க, கட்டிகள் கரைஞ்சது. 1969-ல் அந்த முடிவு வெளியாச்சு. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. 1969-ல் சிஸ்பிளாட்டினும் "எலியில் வேலை செய்யுது" என்கிற கட்டத்தில்தான் இருந்தது. கருஞ்சீரகத்தைப் பேசும்போது இங்கே திரும்பி வருவோம்.

7/
1971-72 வாக்கில் மனிதர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. சில கட்டிகள் நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கின. ஆனா நோயாளிகளுக்கு நிக்காத வாந்தி, காது கேட்பதில் குறை, எல்லாத்துக்கும் மேல கிட்னி பாதிப்பு. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரே ஒரு தடவை போட்டாலே, 100 பேரில் 28 முதல் 36 பேருக்கு கிட்னி பாதிப்பு தெரிஞ்சது. ஊசி போட்ட இரண்டாவது வாரத்தில் அது தலைகாட்டும். இவ்வளவு விஷமான மருந்து தேவையான்னு கைவிடுகிற நிலைமை.

8/
ஏன் குறிப்பா கிட்னி? சிஸ்பிளாட்டினை உடம்பிலிருந்து வெளியேத்துற வேலை கிட்னியோடது. கிட்னிக்குள்ள நுண்ணிய குழாய்கள் லட்சக்கணக்கில் இருக்கு. அதோட சுவர் செல்களில் சில பொருட்களை உள்ளே இழுக்கிற கதவுகள் உண்டு. அந்தக் கதவு சிஸ்பிளாட்டினையும் இழுத்துக்குது. ரத்தத்தில் இருக்கிறதைவிட சுமார் 5 மடங்கு மருந்து அந்தச் செல்களுக்குள்ள சேருது. அங்கே மரபணுவோட ஒட்டிக்குது, ஆக்சிஜன் சார்ந்த நச்சுப் பொருட்களைக் கிளப்புது, வீக்கம் வருது, செல் சாகுது. மெக்னீசியம் சிறுநீரில் ஒழுகிப் போகுது.

9/
இதுல ஒரு சுவாரசியம். சிஸ்பிளாட்டின் மூலக்கூறில் இரண்டு குளோரைடு ஒட்டிக்கிட்டிருக்கும். ரத்தத்தில் குளோரைடு அதிகம், அதனால அங்கே மருந்து பெரும்பாலும் சும்மா இருக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு. உள்ளே போனதும் அந்தக் குளோரைடுகள் கழண்டு, இடத்துக்கு தண்ணீர் வந்து உட்காரும். அப்போதான் மருந்துக்குப் பல் முளைக்கும். குளோரைடு எங்கே இருக்கு? நம்ம சாப்பாட்டு உப்பில். அதாவது சலைன் பாட்டிலில்.

10/
1977. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் எஸ்டெபான் சிவிட்கோவிச், டேனியல் ஹேய்ஸ் ஆகியோரின் குழு ஒரு எளிய யோசனையைச் சோதிச்சது. மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறைய திரவம் ஏத்தி, சிறுநீரை அதிகமா போக வச்சா? மருந்து குழாய்களில் தேங்காம நீர்த்துப் போய் வெளியேறுமே? முதல்ல நாய்களிடம் செஞ்சாங்க, கிட்னி தப்பிச்சது. பிறகு மனிதர்களிடம் திரவமும் மானிட்டால் மருந்தும் கொடுத்து சிறுநீரைப் பெருக்கினாங்க. அதிக டோஸ் சிஸ்பிளாட்டின் போட்டும் கிட்னி பாதிப்பு வெகுவா குறைஞ்சது.

11/
கைவிட இருந்த ஒரு மருந்தைக் காப்பாத்தினது உப்புத் தண்ணிதான். 1978 டிசம்பரில் அமெரிக்க அரசு சிஸ்பிளாட்டினுக்கு அனுமதி கொடுத்தது. இன்னிக்கும் சிஸ்பிளாட்டின் போடும் நாளில் பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்துறது இதனாலதான். "கீமோ ஊசி ஒன்னுதானே, எதுக்கு இத்தனை குளுக்கோஸ் பாட்டில்"னு அலுத்துக்கிற அண்ணன்களே, அக்காக்களே, அந்த பாட்டில்தான் உங்க கிட்னிக்கு காவல்காரன். சீக்கிரம் பஸ் பிடிக்கணும்னு பாதியில கழட்டச் சொல்லாதீங்க.

12/
இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துடறேன். நம்ம ஊர்ல கிரியாட்டினின் கூடினா "ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு"ன்னு சொல்வாங்க. உடனே வீட்டுல, "உப்புத் தண்ணி பாட்டில் ஏத்தினதாலதான் உப்பு ஏறிச்சு"ன்னு ஒரு கணக்கு போடுறாங்க. இரண்டும் வேற. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வர்ற கழிவு. கிட்னி சரியா வடிகட்டலைன்னா அது ரத்தத்தில் சேரும். சலைன்ல இருக்கிறது சோடியம் குளோரைடு. ஆனா ஏற்கெனவே இதய பலவீனம், கிட்னி பாதிப்பு உள்ளவங்களுக்கு எவ்வளவு ஏத்தணும்னு டாக்டர் தனியா கணக்கு போடுவார்.

13/
சரி, மூலிகை இந்தக் கதையில் எங்கே வருது? ஆரம்பத்திலேயே வந்துடுச்சு. 1974-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன், உடம்பெல்லாம் பரவிய விரைப்பைப் புற்றுநோயுள்ள ஒரு இளைஞருக்கு மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். சிஸ்பிளாட்டின், பிளியோமைசின், வின்பிளாஸ்டின். அந்த இளைஞர் குணமானார். அதுவரை பரவிய நிலையில் பத்துக்கு ஒருத்தர் பிழைப்பதே அரிதா இருந்த நோய். அதுக்கப்புறம் பத்துக்கு எட்டு பேர் வரை பிழைக்கிற நோயாச்சு.

14/
அந்த மூணாவது மருந்து வின்பிளாஸ்டின் எங்கிருந்து வந்ததுன்னு தெரியுமா? நம்ம நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லின்னு சொல்வோமே, ரோட்டோரம் வெள்ளையாவும் ஊதாவாவும் பூத்துக் கிடக்குமே, அதேதான். மடகாஸ்கரிலிருந்து உலகமெங்கும் பரவின செடி. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலத்தில் பயிர் செஞ்சு, இலையையும் வேரையும் மருந்துக்காக ஏற்றுமதி பண்ணியிருக்காங்க.

15/
அதோட கதையும் பாடம்தான். ஜமைக்காவில் அந்த இலையைக் கஷாயம் வச்சு சர்க்கரை நோய்க்குக் குடிச்சாங்க. அந்த இலை கனடாவுக்கு வந்தது. அங்கே ராபர்ட் நோபல், சார்லஸ் பீர் இருவரும் எலிகளிடம் சோதிச்சாங்க. சர்க்கரை குறையலை, ஆனா ரத்தத்தின் வெள்ளையணுக்கள் சரிஞ்சது. எல்லாரும் ஒரு விஷயத்துக்குன்னு குடிச்ச இலை, உடம்புக்குள்ள வேற ஒரு வேலை பார்த்திருக்கு! 1958-ல் வின்பிளாஸ்டின் பிரிச்செடுக்கப்பட்டது.

16/
1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேணும்னு சொல்வாங்க. அதனால நாலு பூவைப் பறிச்சு கஷாயம் வச்சா புற்றுநோய் போகாது. ஆனா செடிக்குள் மருந்து இருந்தது உண்மை. அதைப் பிரிச்சு, அளந்து, எலியில் பார்த்து, மனிதரில் பார்த்து, பக்க விளைவை எழுதி வச்ச பிறகுதான் அது உயிர் காக்கிற மருந்தாச்சு. "அலோபதி டாக்டருங்க மூலிகைக்கு எதிரி"ன்னு சொல்றவங்க இந்த வரலாற்றைப் படிக்கணும்.

17/
இதே காலத்தில் நம்ம தமிழ்நாட்டில் என்ன நடந்தது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்த வலியில், தமிழ்நாட்டுக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேணும்னு அவர் பல வருஷம் போராடினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையோட தொடங்கியது. 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகலை. அன்னிக்கு கையிலிருந்தது அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும்தான். சிஸ்பிளாட்டின் பின்னாடி வந்து சேர்ந்தது.

18/
அது எவ்வளவு பெரிய மாற்றம்னு 1999-ல் தெரிஞ்சது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சோட சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுத்தா, இறக்கிற அபாயம் 30 முதல் 50 சதவீதம் வரை குறையுதுன்னு ஐந்து ஆய்வுகள் காட்டின. முடிவு தெரிஞ்சதும் அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனம் பிப்ரவரி மாசமே உலகத்துக்கு எச்சரிக்கைக் குறிப்பு விட்டது. நம்ம கிராமத்து அம்மாக்களை அதிகம் தாக்குற புற்றுநோய்களில் அது ஒன்னு. "கிட்னி போயிடும்"னு பயந்து இந்த ஊசியை வேணாம்னு சொன்னா, எதை இழக்கிறோம்னு தெரிஞ்சு சொல்லணும்.

19/
நம்ம நாட்டு ஆய்வும் இருக்கு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 300 பேரிடம் செஞ்ச ஆய்வு 2018-ல் வெளியாச்சு. வாரா வாரம் 30 மில்லிகிராம் ஒரு பக்கம், மூணு வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம் இன்னொரு பக்கம். பெரிய டோஸில் நோய் கட்டுப்பட்டது 73 சதவீதம், சின்ன டோஸில் 58 சதவீதம். ஆனா பெரிய டோஸில் கடுமையான பக்க விளைவுகளும் அதிகம். நோயை அடக்குற அளவுக்குப் போட்டா உடம்பு தாங்கணும். கிட்னியைக் காக்கிற ஒரு பொருளுக்கு ஏன் இவ்வளவு தேடல்னு இப்போ புரியுதா?

20/
தேடலில் முதலில் இன்னொரு பிளாட்டினம் வந்தது, கார்போபிளாட்டின். லண்டனில் உருவாகி 1986-ல் பிரிட்டனில் அனுமதி. கிட்னியை அவ்வளவா தொடாது. 1989-ல் ஹிலரி கால்வெர்ட் அதுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். நோயாளியின் கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு பார்த்து டோஸ் கணக்கு போடுறது. ஆனா எல்லாப் புற்றுநோயிலும் அது சிஸ்பிளாட்டினுக்கு ஈடு கொடுக்கலை. அடுத்து அமிபோஸ்டின். கதிர்வீச்சிலிருந்து சிப்பாய்களைக் காக்க அமெரிக்க ராணுவ ஆய்வகம் தேடினப்போ கிடைச்சது. கிட்னி பாதிப்பைக் குறைக்க 1995-ல் அனுமதி. விலை அதிகம், பிரஷர் இறங்கும், வாந்தி வரும். அதனால பரவலா நிலைக்கலை.

21/
இந்த இடத்தில்தான் செடிகளின் எண்ணெய்கள் வருது. முதல்ல ஒரு வித்தியாசம். செக்கில் ஆட்டுற நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் கொழுப்பு எண்ணெய். தைல மரம், ஓமம், கிராம்பு, சந்தனம் இதிலெல்லாம் வாசனையா ஆவியாகிப் போறது வேற எண்ணெய். ஆவியில் காய்ச்சி இறக்குவாங்க. கருஞ்சீரகத்தில் இரண்டும் உண்டு. கடையில் வாங்குற கருஞ்சீரக எண்ணெயில் பெரும்பகுதி கொழுப்பு எண்ணெய்தான். ஆய்வாளர்கள் பேசுற தைமோகுவினோன் அதுல வாசனைப் பகுதியில் கொஞ்சமா இருக்கும். எவ்வளவுன்னு பாட்டிலுக்கு பாட்டில் மாறும்.

22/
வாசனை எண்ணெய்க்கும் சிறுநீருக்கும் உறவு புதுசு இல்லை. நம்ம சேலம், தருமபுரி, ஜவ்வாது மலைக் காட்டுச் சந்தனம் ஒரு காலத்தில் உலகப் புகழ். அந்தச் சந்தன எண்ணெயை ஆங்கில மருத்துவர்களே வெட்டை நோய்க்கு உள்ளுக்குக் கொடுத்தாங்க. சல்பா மருந்தும் பென்சிலினும் வந்த பிறகு அது மறைஞ்சது. அளவு கூடினா இடுப்பில் வலி எடுக்கும்னு அந்தக் காலத்து மருந்து நூல்களே எச்சரிச்சிருக்கு. உடம்புக்குள் போன வாசனை எண்ணெய்களில் பல, கிட்னி வழியாத்தான் வெளியேறணும்.

23/
தைமோகுவினோனை 1963-ல் எகிப்தின் எல்-தகாக்னி பிரிச்செடுத்தார். 1997-ல் சவூதியின் ரியாத்தில் பதாரி குழு எலிகளுக்கு குடிக்கிற தண்ணியில் அதைக் கலந்து கொடுத்தது. சிஸ்பிளாட்டினுக்கு முன்னாடி சில நாள், பின்னாடி சில நாள். கிட்னி பாதிப்பு குறைஞ்சது. கூடவே சுண்டெலிகளின் கட்டி மேல சிஸ்பிளாட்டினோட வேகமும் குறையலை, கூடினதா எழுதினாங்க. 2015-ல் எகிப்தில் இன்னொரு குழு தைமால், கார்வக்ரால் இரண்டையும் எலியில் சோதிச்சு, கிட்னி பாதிப்பு குறையுதுன்னு சொன்னது. தைமால் நம்ம ஓமத்தின் வாசனை. 2017 வாக்கில் நம்ம அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை, கருஞ்சீரக எண்ணெயையே எலிகளிடம் சோதிச்சு அதே திசையில் முடிவு சொன்னது.

24/
இதெல்லாம் நல்ல ஆய்வுகள். கிண்டல் பண்ண எதுவும் இல்லை. 8-வது பதிவில் சொன்ன நச்சு ஆக்சிஜன் பொருட்களை இந்த எண்ணெய்கள் அடக்குது, வீக்கத்தைக் குறைக்குது என்பதுதான் விளக்கம். நம்பக்கூடிய விளக்கம். ஆனா 6-வது பதிவை ஞாபகப்படுத்திக்கோங்க. சிஸ்பிளாட்டின் 1969-ல் நின்ன அதே படியில்தான் கருஞ்சீரகம் இன்னிக்கு நிக்குது. உப்புத் தண்ணி நாயிலிருந்து மனிதனுக்கு ஏறி, எண்ணிக்கையில் நிரூபிச்சது. கருஞ்சீரகம் இன்னும் அந்தப் படி ஏறலை. புற்றுநோய் சிகிச்சை வழிகாட்டிகளில் அதுக்கு இடம் கிடைக்கலை.

25/
எலிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஆய்வகத்து எலி இளசு, ஆரோக்கியம். ஒரே ஊசி. அளந்து கொடுத்த சுத்தமான பொருள். நம்ம நோயாளிக்கு வயசு 58. பத்து வருஷமா சுகர், பிரஷர். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போடுற வலி மாத்திரை. வாய்ப்புண்ணால தண்ணி குடிக்க முடியலை. ஊசி ஒன்னு இல்லை, பல தடவை. இந்தக் கிட்னியில அந்த எண்ணெய் என்ன பண்ணும்னு எலி சொல்ல முடியாது.

26/
பெரிய கேள்வி இன்னொன்னு. கிட்னி செல்லைக் காப்பாத்துற பொருள், புற்றுநோய் செல்லையும் சேர்த்துக் காப்பாத்திட்டா? இது வெறும் கற்பனை பயம் இல்லை. பீட்டா கரோட்டின் நல்லதுன்னு எல்லாரும் நம்பின காலத்தில், பின்லாந்தில் புகைபிடிக்கிற ஆண்கள் 29,133 பேரிடம் வைட்டமின் மாத்திரைகளைச் சோதிச்சாங்க. 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட்டில் இருக்கிற பொருள்தான் அது!

27/
இன்னொரு உதாரணம் சோடியம் தயோசல்பேட். சிஸ்பிளாட்டினால் குழந்தைகளுக்குக் காது கேட்காமல் போவதைத் தடுக்க 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. அது சிஸ்பிளாட்டினையே செயலிழக்க வைக்கும். அதனால சிஸ்பிளாட்டின் ஏறி முடிஞ்சு 6 மணி நேரம் கழிச்சுத்தான் கொடுக்கணும். அப்படியும், நோய் பரவியிருந்த குழந்தைகளிடம் பிழைத்தவர்கள் குறைவா இருந்ததா ஒரு ஆய்வில் தெரிஞ்சதால, பரவாத கட்டிக்கு மட்டும்தான் அனுமதி. காப்பாத்துற மருந்துக்கே நேரமும் ஆளும் பார்க்க வேண்டியிருக்கு. அப்போ வீட்டுல கரண்டிக் கணக்கில் எடுக்கிற எண்ணெய்?

28/
"மூலிகைதானே, பக்க விளைவு இருக்காது" என்கிறவங்களுக்கு பிரஸ்ஸல்ஸ் கதை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்க சீன மூலிகை எடுத்த பெண்களுக்கு வரிசையா கிட்னி செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலா அரிஸ்டலோகியா வகைச் செடி தவறி கலந்திருக்கு. 1993-ல் வான்ஹெர்வெகம் குழு இதை வெளியிட்டது. கிட்னி போனவங்களில் 39 பேரின் பழைய கிட்னியை எடுத்துப் பார்த்தப்போ 18 பேருக்கு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய்! 2000-ல் அதுவும் வெளியாச்சு.

29/
அந்தச் செடியோட சொந்தக்காரங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. கரிசல் காட்டிலும் தரிசிலும் படருற ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அதே அரிஸ்டலோகியா வகை. பூச்சிக்கும் பாம்புக்கடிக்கும்னு உள்ளுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. ஒடுவந்தழையை எடுத்துக்கோங்க. அந்த இலைச்சாறு உள்ளே போனா கிட்னிக் குழாய் கெட்டு, பொட்டாசியம் ஒழுகி, இதயத் துடிப்பு தடுமாறும். வட தமிழ்நாட்டு அரசு டாக்டர்களுக்கு நல்லா தெரிஞ்ச விஷம். கற்பூரமும் தைலமும் தெரியாம விழுங்கிட்டு வலிப்போட வர்ற குழந்தைகளையும் சேர்த்துக்கோங்க. செடிக்கு நம்ம மேல பகையும் இல்லை, பாசமும் இல்லை. அதுக்குள்ள இருக்கிறது வேதிப்பொருள், அவ்வளவுதான்.

30/
கிட்னி நிஜமாவே தாங்காதவங்களுக்கு வழியே இல்லையா? இருக்கு, அதுவும் ஒரு மரத்திலிருந்து வந்தது. சிஸ்பிளாட்டின் போட முடியாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 356 பேரிடம் கதிர்வீச்சோட டோசிடாக்செல் கொடுத்து இதே டாடா மருத்துவமனைக் குழு சோதிச்சது. இரண்டு வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 30 சதவீதத்திலிருந்து 42 சதவீதமா கூடினாங்க. 2023-ல் வெளியாச்சு. டோசிடாக்செல் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து எடுத்த பொருளை மாத்தி உருவாக்கின மருந்து. மரத்திலிருந்து வந்த மருந்து எண்ணிக்கையோட முன்வாசல் வழியா வந்தா, டாக்டர்கள் நாங்களே கையெழுத்து போட்டு எழுதித் தர்றோம்.

31/
எண்ணெயைவிட எனக்குக் கவலை, அதை ஒளிச்சு எடுக்கிறதுதான். சிஸ்பிளாட்டின் பாதுகாப்பு முழுக்க கணக்கில் நிக்குது. ஒவ்வொரு தடவையும் முன்னாடி கிரியாட்டினின் பார்க்கிறோம், கூடியிருந்தா டோஸைக் குறைக்கிறோம், தள்ளி வைக்கிறோம், இல்லை மருந்தை மாத்துறோம். நடுவுல சொல்லாம ஒரு லேகியமும் எண்ணெயும் உள்ளே போனா, கிரியாட்டினின் ஏன் ஏறிச்சுன்னு யாருக்கும் தெரியாது. பழி கீமோ மேல விழும். நல்லா வேலை செஞ்ச ஊசி நிக்கும். கட்டி வளரும். இழப்பு நோயாளிக்கு.

32/
சொல்ல பயப்பட வைக்கிறதில எங்க பங்கும் உண்டு. மூலிகைன்னு வாய் திறந்தா சில டாக்டர்கள் திட்டுவாங்க. அதனால அடுத்த தடவை மறைப்பாங்க. சக டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "வேற என்ன சாப்பிடுறீங்கம்மா"ன்னு கோபப்படாம கேளுங்க. பதில் வரும்.

33/
சிஸ்பிளாட்டின் எடுக்கிறவங்க, வீட்டுல இருக்கிறவங்க செய்ய வேண்டியது:
• ஊசிக்கு முன்னாடி கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்தாச்சான்னு கேளுங்க.
• சலைன் முழுசா ஏறட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டர் சொன்ன அளவு தண்ணி குடிங்க. குடிக்க முடியாத அளவு வாந்தின்னா காத்திருக்காம வாங்க.
• டாக்டரைக் கேக்காம வலி மாத்திரை கூடாது.
• சிறுநீர் குறைஞ்சா, கால் வீங்கினா, காதில் இரைச்சல் வந்தா உடனே சொல்லுங்க.
• எண்ணெய், பொடி, லேகியம், கஷாயம் எது எடுத்தாலும் பாட்டிலையே கொண்டு வந்து காட்டுங்க.

34/
குழம்பில் போடுற கருஞ்சீரகமும் ஓமமும் இந்தப் பேச்சில் வராது. சமையலுக்கு தாராளமா போடுங்க. மருந்தா, கரண்டிக் கணக்கில், கீமோ நடக்கும்போது எடுக்கிறதைத்தான் பேசுறேன். அலிகாரிலோ அடையாறிலோ வேலூரிலோ யாராவது இதை மனிதர்களிடம் ஒழுங்கா சோதிச்சு, கிட்னியும் தப்பிக்குது, புற்றுநோயும் தப்பிக்கலைன்னு நிரூபிச்சா, அதை முதல் ஆளா உங்களுக்கு எழுதித் தருவேன்.

35/
அதுவரைக்கும் நிரூபணமான காவல்காரன் அந்த உப்புத் தண்ணி பாட்டில்தான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கேள்வி இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். சிகிச்சையில இருக்கிற யாராவது உங்க வீட்டுல, தெருவுல இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க.